பெயருக்கும் ஒரு பார்ட் நம்பர் உண்டு

காரின் டிக்கி மூடியில் ஒட்டியிருக்கும் பெயர் எழுத்துகளைத் தனியாகவே வாங்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. பம்பருக்கும் பிரேக் பேடுக்கும் இருப்பது போல அதற்கும் ஒரு பார்ட் நம்பர் உண்டு. சின்னப் பிளாஸ்டிக் உறைக்குள் வரும். எழுத்துகள் வரிசை குலையாமல் இருக்க முன்பக்கம் ஒரு மெல்லிய தாள், பின்பக்கம் இரட்டைப் பக்க டேப். சிலவற்றில் இரண்டு சிறு முளைகள் நீட்டிக்கொண்டிருக்கும். மூடியில் அதற்கென்று இரண்டு துளைகள் இருக்கும். பழையதை எடுக்க ஹேர் டிரையரால் சூடு காட்டி, மீன்பிடி நரம்பை இடுக்கில் விட்டு மெதுவாக அறுப்பார்கள். பத்து நிமிட வேலை.

எந்தப் பாகம் எந்த வண்டிக்குப் பொருந்தும் என்று அட்டவணை போடுவது என் பிழைப்பு. பதினெட்டு வருடமாக இதைத்தான் செய்கிறேன். போன வாரம் அக்கா மகன் போனில் கேட்டான்: "மாமா, புது டிசைன் வந்தா சில கம்பெனிக்காரங்க பேரையே மாத்திடறாங்க. சில பேரு அம்பது வருஷமா ஒரே பேரை வச்சு ஓட்டுறாங்க. ஏன் மாமா?" வண்டி ரொம்ப மாறியிருந்தால் புதுப் பெயர், கொஞ்சம் மாறியிருந்தால் பழைய பெயர் என்று அவனே ஒரு விடையும் வைத்திருந்தான். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் அட்டவணையில் அது எங்குமே ஒத்துவரவில்லை. போனில் முழுசாகச் சொல்ல முடியாததால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் மானம் போன கதை. வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒருவர் ஹெட்லைட் கேட்டார். காரின் பெயரைச் சொன்னார், வருடத்தையும் சொன்னார். நான் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடி, முதலில் கண்ணில் பட்ட எண்ணை எழுதி ஆர்டர் போட்டுவிட்டேன். பன்னிரண்டு நாள் கழித்துப் பெட்டி வந்தது. பிரித்தால் விளக்கு பளபளவென்று அழகாகத்தான் இருந்தது. பொருத்தப் போனால், போல்ட் போடும் காது அதில் மூன்று, வண்டியில் இடம் இரண்டுக்குத்தான். பின்னால் இருந்த சாக்கெட் வட்டம், வண்டியிலிருந்து வரும் பிளக் சதுரம். மெக்கானிக் விளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் விளக்கைப் பார்த்தார். ஒரே பெயரில், ஒரே வருடத்தில், இரண்டு நாடுகளில் இரண்டு வேறு கார்கள் விற்பனையில் இருந்திருக்கின்றன. எந்தக் கார் என்று சொல்லப்போவதில்லை. தப்பு என்னுடையது.

எங்கள் பிரிவில் மூத்தவர் ஒருவர் இருந்தார். திட்டவில்லை. "தம்பி, பேரைக் கேட்டுப் பாகம் எடுக்காதே. பேரு விக்கிறவன் வச்சது. சேசிஸ் நம்பர் செஞ்சவன் வச்சது" என்றார். அன்றிலிருந்து யார் பேசினாலும் நான் முதலில் கேட்பது அந்தப் பதினேழு எழுத்துகளைத்தான். எண்ணும் எழுத்தும் கலந்து வரும். அதில் ஆங்கில ஐ, ஓ, க்யூ மூன்றும் வராது. ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பிவிடும் என்பதால். பெயரைப் போல அது ஊருக்கு ஊர் வேஷம் மாற்றாது.

மூத்தவர் சொன்னதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் போர்ஷே 911. 1963-இல் பிராங்க்பர்ட் கண்காட்சியில் அதைக் காட்டியபோது அதன் பெயர் 901. நடுவில் பூஜ்யம் வரும் மூன்று இலக்கப் பெயர்கள் எங்களுடையவை என்று பெஜோ என்ற பிரெஞ்சுக் கார் கம்பெனி ஆட்சேபம் சொன்னது. 1964-இல் பூஜ்யம் இருந்த இடத்தில் ஒன்று வந்தது. விற்பவர்கள் பெயரை மாற்றிக்கொண்டார்கள், செய்தவர்கள் மெனக்கெடவில்லை. ஆரம்பகால 911-க்கு நீங்கள் இன்று ஒரு பாகம் தேடினாலும் பல எண்கள் 901 என்றுதான் தொடங்கும். அதற்கப்புறம் உள்ளே, தொழிற்சாலைக் குறியீட்டில், 964, 993, 996, 997, 991, 992 என்று ஆள் மாறிக்கொண்டே வந்தது. 993 வரை காற்றால் குளிரூட்டும் இன்ஜின், 1997-இல் வந்த 996-இல் தண்ணீர். இன்ஜின், உடல், விளக்கு எல்லாமே வேறு. வெளியே மட்டும் அதே 911. வண்டி மாறினால் பெயர் மாற வேண்டும் என்றால் முதலில் மாறியிருக்க வேண்டியது அதுதான்.

இதற்கு நேர் எதிராக வைக்கக்கூடியது வோக்ஸ்வேகன் ஜெட்டா. அதே கம்பெனியின் கோல்ஃப் என்ற காருக்கு டிக்கி வைத்த தம்பி என்று சொல்லலாம். 1979-இல் வந்தது. ஐரோப்பாவில் மூன்றாம் தலைமுறைக்கு 1992-இல் வென்டோ என்று பெயர் வைத்தார்கள். நான்காவது 1998-இல் போரா. ஐந்தாவது 2005-இல் திரும்பவும் ஜெட்டா. அமெரிக்காவிலோ இத்தனை காலமும் ஜெட்டா, ஜெட்டா, ஜெட்டாதான். அங்கே அந்தப் பெயர் நன்றாக விற்றது, யாரும் தொடவில்லை. ஐரோப்பாவில் எல்லாரும் கோல்ஃபைத்தான் வாங்கினார்கள், டிக்கி வைத்ததை அவ்வளவாகச் சீண்டவில்லை. அதனால் தலைமுறைக்கு ஒரு பெயர் வைத்துப் பார்த்தார்கள். இது என் ஊகம்தான், ஆனால் அட்டவணையைப் பார்த்துக்கொண்டே பதினெட்டு வருடம் ஊகித்தது.

மெக்சிகோவில் இன்னும் வேடிக்கை. அங்கே நான்காம் தலைமுறையை ஜெட்டா என்ற பெயரிலேயே விற்றுக்கொண்டிருந்தார்கள், விற்பனையும் நிற்கவில்லை. ஐந்தாவது வந்ததும் இரண்டையும் ஒரே ஷோரூமில் ஒரே பெயரில் நிறுத்த முடியுமா? ஐந்தாவதுக்குப் போரா என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆக, ஐரோப்பாவில் போரா என்றால் நான்காவது, மெக்சிகோவில் போரா என்றால் ஐந்தாவது. இதைப் படிக்கும்போது உங்களுக்குத் தலை சுற்றினால், என் அட்டவணையில் அந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டாம். பழசை நிறுத்தாமல் புதுசை விடுவது பெயர் மாற்றத்துக்கு ஒரு முக்கியமான காரணம். விளம்பரத்தில் இதைச் சொல்லவே மாட்டார்கள்.

சரி, பெரிய காரணத்துக்கு வருவோம். பெயர் ரிப்பேர் ஆகிவிடுவது.

1980-களில் ஆடி என்ற ஜெர்மன் கம்பெனி அமெரிக்காவில் 5000 என்ற காரை விற்றது. உலகின் மற்ற இடங்களில் அதே காருக்கு 100, 200 என்று பெயர். வண்டி தானாக வேகம் எடுத்துப் பாய்கிறது என்று புகார்கள் வந்தன. 1986 நவம்பரில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி அதைப் பெரிதாகக் காட்டியது. அவ்வளவுதான், விற்பனை சரிந்தது. 1985-இல் அமெரிக்காவில் 74,000-க்கும் மேல் விற்ற ஆடி, 1991-இல் 12,000 சொச்சத்துக்கு இறங்கியது. 1989-இல் அரசு ஆய்வு முடிந்து, பெரும்பாலும் ஓட்டுநர்கள் பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்ததுதான் காரணம் என்றது. பெயர் போனது போனதுதான். அந்த மாடல் ஆண்டிலேயே 5000 என்ற எண்ணை அமெரிக்காவில் கைவிட்டு, மற்ற நாடுகளில் இருந்த 100, 200 என்ற பெயர்களையே அங்கேயும் கொண்டுவந்தார்கள். வண்டியிடம் குற்றம் இல்லை என்றான பிறகும் பெயரால் திரும்பி வர முடியவில்லை. எண்ணை வைத்துப் பெயர் வைத்தால் உணர்ச்சி ஒட்டாது என்பார்கள். கெட்ட பெயர் மட்டும் எண்ணிலும் நன்றாகவே ஒட்டும் போலிருக்கிறது.

இதில் இன்னொரு வகை, பழைய கள்ளு புதிய மொந்தை. கிரைஸ்லர் செப்ரிங் 2006-இல் புது வடிவில் வந்தபோது விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். 2009-இல் நிறுவனமே திவால் நடவடிக்கைக்குள் போய் வந்தது. புதுக் கார் ஒன்றை முதலிலிருந்து செய்யக் காசும் இல்லை, நேரமும் இல்லை. அதே செப்ரிங்கை எடுத்து, முகத்தை மாற்றி, உள்ளலங்காரத்தை முழுக்கப் புதிதாக்கி, சஸ்பென்ஷனைச் சரிசெய்து, நல்ல வி6 இன்ஜினையும் தந்து, 2010 கடைசியில் 200 என்று பெயர் சூட்டி விட்டார்கள். அடித்தளமும் உடற்கூடும் செப்ரிங்குடையவைதான். எங்களைப் போன்றவர்களுக்கு இது கொண்டாட்டம். புதுப் பெயருக்குக் கீழே பழைய எண்களை அப்படியே நகல் எடுத்து ஒட்டலாம். கேலி செய்கிறேன் என்று நினைக்காதீர்கள். செய்த திருத்தங்கள் உண்மையானவை. ஆனால் செப்ரிங் என்ற பெயரிலேயே விட்டிருந்தால் ஒருவரும் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டார்கள். புதுப் பெயர் அந்த ஒரு தடவை கதவைத் திறக்க வைப்பதற்குத்தான். ஹூண்டாய் 1994-இல் எக்ஸெலை விட்டுவிட்டு ஆக்ஸென்டுக்குப் போனதையும் நான் இந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன். மலிவு, உழைக்காது என்ற பேச்சு எக்ஸெல் மேல் அமெரிக்காவில் நன்றாகவே படிந்திருந்தது.

நல்ல பெயரைத் தூக்கிப் போட்டுவிட்டு விழித்த கதைகள்தான் எனக்கு இன்னும் சுவாரசியம். ஃபோர்டு டாரஸ் 1985 கடைசியில் வந்தது. 1992 முதல் 1996 வரை ஐந்து வருடம் அமெரிக்காவில் அதிகம் விற்ற கார். அப்புறம் கவனிக்காமல் விட்டு, வாடகைக் கார் நிறுவனங்களுக்குத் தள்ளிவிடும் வண்டியாக அதை ஆக்கிவிட்டார்கள். அந்தச் சமயத்தில் ஃபோர்டில் எல்லாக் கார்களுக்கும் ஆங்கில எஃப் எழுத்தில் தொடங்கும் பெயர் வைக்கும் மோகம். ஃபோகஸ், ஃப்யூஷன், ஃப்ரீஸ்டைல், ஃப்ரீஸ்டார். டாரஸுக்குப் பதிலாகப் பெரிய காராக வந்தது ஃபைவ் ஹண்ட்ரட். 2006 அக்டோபரில் கடைசி டாரஸ் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் போயிங்கிலிருந்து ஆலன் முலாலி ஃபோர்டுக்குத் தலைவராக வந்திருந்தார். போயிங்கில் 777 விமானத் திட்டத்தை நடத்தியபோது, நல்ல பொருளை எப்படி உருவாக்குவது என்பதற்கு டாரஸைத்தான் உதாரணமாகப் படித்தவர் அவர். வந்ததும் கார்களை வரிசையாக நிறுத்தச் சொல்லி, டாரஸ் எங்கே என்று கேட்டாராம். நிறுத்திவிட்டோம் என்றார்களாம். அவரே சொன்ன கதை இது. 2007 பிப்ரவரியில் ஃபைவ் ஹண்ட்ரடின் முகத்தை மாற்றி, பெரிய இன்ஜின் வைத்து, டாரஸ் என்று பெயர் மாற்றி அறிவித்தார்கள்.

இதை என் அட்டவணையில் எப்படி எழுதுவது என்று யோசித்துப் பாருங்கள். 2006 டாரஸும் 2008 டாரஸும் ஒரே பெயர், ஆனால் ஒன்றின் பாகம் மற்றதற்குச் சேராது. 2007 ஃபைவ் ஹண்ட்ரடும் 2008 டாரஸும் வேறு பெயர், ஆனால் கதவு, கண்ணாடி என்று ஏகப்பட்டது ஒன்று. அக்கா மகனுக்கு அந்த மூன்று வரிகளை மட்டும் படம் பிடித்து அனுப்பினேன். தலையில் கைவைத்த பொம்மை ஒன்று பதிலாக வந்தது.

ஹோண்டா தன் உயர்தரக் கார்களை அமெரிக்காவில் அகுரா என்ற பெயரில் விற்கிறது. அதில் லெஜண்ட் என்று ஒரு கார், நன்றாகப் போனது. ரொம்ப நன்றாகப் போனதுதான் சிக்கல். வைத்திருந்தவர்கள் "என்னிடம் லெஜண்ட் இருக்கிறது" என்றார்கள், அகுராவை யாரும் சொல்லவில்லை. அடுத்த தலைமுறை வந்தபோது பெயரை எடுத்துவிட்டு ஆர்எல் என்று இரண்டு எழுத்தை ஒட்டினார்கள். ஜப்பானில் அதே கார் லெஜண்டாகவே தொடர்ந்தது. இன்டெக்ராவுக்கும் இதே கதி, 2001-இல் ஆர்எஸ்எக்ஸ் ஆனது. 2022-இல் இன்டெக்ரா என்ற பெயர் திரும்பி வந்துவிட்டது. ஆர்எல்லை யாராவது ஆசையாகத் தேடிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

எழுத்து, எண் விளையாட்டுகளைப் பற்றி விரிவாக எழுதப் பொறுமை இல்லை. பெஜோ பல காலம் தலைமுறைக்கு ஓர் எண் கூட்டிக்கொண்டே வந்தது: 205, 206, 207, 208. எட்டோடு நிறுத்திக்கொள்வது என்று 2012-இல் முடிவெடுத்தார்கள். இன்று 208-க்குள் இரண்டு தலைமுறை, 308-க்குள் மூன்று. ஒழுங்காக ஓடிய ஓர் ஏற்பாட்டை எதற்கு நிறுத்தினார்கள் என்று எனக்கு வருத்தம்தான்; பெயரிலேயே தலைமுறை தெரியும் கார் எங்களுக்கு வரம். ஆடி பெட்ரோல், டீசல் காருக்கு ஒற்றைப்படை, மின்சாரக் காருக்கு இரட்டைப்படை என்று தீர்மானித்து, 2024-இல் ஏ4-இன் அடுத்த தலைமுறையை ஏ5 ஆக்கியது. 2025 பிப்ரவரியில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. ஏ5 மட்டும் நடுவில் மாட்டிக்கொண்டு ஏ5 ஆகவே நிற்கிறது.

பெயர் மாறாமல் இருந்தாலும் அது இருக்கும் இடம் மாறும், இதைப் பலர் கவனிப்பதில்லை. 1974-இல் வந்த முதல் கோல்ஃபின் நீளம் 3,705 மில்லிமீட்டர். 2019-இல் வந்த எட்டாவது 4,284. கோல்ஃபுக்குக் கீழே இருக்கும் போலோவே 2017-இல் 4,053-ஐத் தொட்டுவிட்டது. அதாவது இன்றைய போலோ அன்றைய கோல்ஃபைவிட ஓர் அடிக்கு மேல் நீளமாகிவிட்டது. ஒவ்வொரு தலைமுறைக்கும் கொஞ்சம் கொஞ்சம் பெரிதாக்குவார்கள், பழைய வாடிக்கையாளரும் கொஞ்சம் வசதியாகியிருப்பார், ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகும். ஒருநாள் அடியில் ஓர் இடம் காலியாகிவிட்டது தெரியும். அங்கே நிறுத்த ஒரு சின்னக் கார், அதற்கு ஒரு புதுப் பெயர். 2011-இல் அப் என்ற குட்டிக் கார் வந்தது அந்த இடத்துக்குத்தான்.

நாட்டுக்கு நாடு வரும் சங்கடங்கள் தனி. ரெனோ கிளியோவுக்கு ஜப்பானில் லுட்டேசியா என்று பெயர், ஏனென்றால் அங்கே கிளியோ என்பது அப்போது ஹோண்டாவின் விற்பனை மையங்களின் பெயராக இருந்தது. ஹூண்டாய் கோனா போர்ச்சுகலில் கவாய். காரணத்தைத் தெரிந்துகொள்ள ஒரு போர்ச்சுகீசியரைக் கேளுங்கள், அதுவும் அவர் தனியாக இருக்கும்போது.

கடைசியாக டொயோட்டா கொரோல்லா. பெயரைச் சுமப்பவன்தான் பேரன் என்பார்கள். 1966-இல் பிறந்த கொரோல்லாவுக்கு 2018-இல் வந்தது பன்னிரண்டாவது தலைமுறை. 2021-இல் விற்பனை 5 கோடியைத் தாண்டியது. இப்படிப்பட்ட பெயரை யாராவது தொடுவார்களா? டொயோட்டா ஐரோப்பாவில் தொட்டது. 2007-இல் டிக்கி தனியாக நீட்டிக்கொண்டிருக்காத ஹேட்ச்பேக்கை மட்டும் ஆரிஸ் என்று மாற்றினார்கள். லத்தீனில் தங்கத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து எடுத்ததாம். கொரோல்லா என்றாலே வயதானவர்கள் வண்டி என்ற நினைப்பு அங்கே இருந்தது, கோல்ஃபோடு மோத இளமையான பெயர் தேவைப்பட்டது என்று நான் நினைக்கிறேன். டிக்கி வைத்த கார் பல நாடுகளில் கொரோல்லாவாகவே தொடர்ந்தது. இரண்டு தலைமுறை ஆரிஸ் ஓடியது. 2018 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் மூன்றாவது தலைமுறையையும் ஆரிஸ் என்றுதான் காட்டினார்கள். நான் ஓர் அவசரக்குடுக்கை. அன்று மாலையே அட்டவணையில் புது வரி திறந்து ஆரிஸ் என்று தட்டிவிட்டேன். ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது, இனி கொரோல்லா என்று. கார் அதேதான், கண்காட்சி மேடையில் நின்ற அதே கார். ஒரு கீ தட்டி அழித்து, ஏழு கீ தட்டித் திருத்தினேன்.

இரண்டு வாரம் முன்பு ஒரு மின்னஞ்சல் வந்தது. 2014 ஆரிஸ் வைத்திருப்பவர். பின்னால் ஒட்ட கொரோல்லா என்ற எழுத்துகள் மட்டும் வேண்டுமாம், கிடைக்குமா என்று கேட்டிருந்தார். ஏன் என்று எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. ஆங்கிலத்தில் ஆரிஸுக்கு ஐந்து எழுத்து, கொரோல்லாவுக்கு ஏழு. விளக்கின் ஓரத்திலிருந்து நடுச் சின்னம் வரை எவ்வளவு இடம் இருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்து ஒரு படம் அனுப்பச் சொன்னேன். அப்படியே சேசிஸ் நம்பரையும் கேட்டிருக்கிறேன். பழக்க தோஷம்.